யாரிடம் பேசக் கூடாது என்று கேளுங்கள்

மாட்டைப் பற்றிக் கேட்டால் மனிதர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று நம்பித்தான் நான் அந்தத் தோட்டத்துக்குப் போனேன்.

ஆய்வுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறீர்கள். முறைகளெல்லாம் உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. என்னைவிட நீங்கள் நன்றாகவே படித்திருப்பீர்கள். நான் படித்தது ஒரு பால் சங்கத்தில். அதைச் சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். இன்று நீங்கள் சமூகத் தொழில்முனைவு என்று வாய் நிறையச் சொல்வதை நாங்கள் அப்போது ‘சங்கத் தொழில்’ என்றுதான் சொல்வோம். ஈப்போவுக்குப் பக்கத்தில், செமோரைத் தாண்டி உள்ளே போனால் ஒரு ரப்பர் தோட்டம் இருந்தது. அதைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றுவிட்டார்கள். துரையும் கணக்கெழுதும் கிராணியும் போய்விட்டார்கள். வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் சனங்களும், கிழட்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே அவர்களுடைய மாடுகளும் மட்டும் மிச்சம். அந்த மாடுகளை வைத்துத்தான் சங்கம் ஆரம்பித்தார்கள். எல்லா வீட்டுப் பாலையும் ஓரிடத்தில் சேர்த்து, ஒரு பழைய வேனில் ஏற்றி, ஈப்போவில் இருந்த சாப்பாட்டுக் கடைகளுக்கும் பலகாரக் கடைகளுக்கும் கொண்டு போய்ப் போடுவார்கள். அந்த வேன் ஓடிய நாள்களைவிட அதைத் தள்ளிய நாள்கள்தான் அதிகம். ஒரு வெளிநாட்டு உதவி அமைப்பு புது வேன் கொடுக்க யோசித்தது. கொடுக்கலாமா, சங்கம் உருப்படுமா என்று பார்த்துச் சொல்லத்தான் என்னையும் என் சக ஊழியன் டேவிட்டையும் அனுப்பினார்கள். டேவிட் கார் ஓட்டுவான், கேசட்டில் பதிவு செய்வான், நான் கேள்வி கேட்பேன்.

சங்கத் தலைவர் வீராசாமி அண்ணன் தோட்டத்து வாசலிலேயே நின்றிருந்தார். முன்பு அதே தோட்டத்தில் மண்டோராக இருந்து ஆட்களை வேலை வாங்கியவர். உயரமான மனிதர், வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத காற்சட்டை.

“வாங்க மிஸ், வாங்க. நீங்க ஒண்ணுக்கும் கவலைப்படாதீங்க. பேச வேண்டிய ஆளெல்லாம் ரெடியா இருக்காங்க லா.”

பழைய பிள்ளைக் கொட்டகையில், அதாவது தாய்மார்கள் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போன இடத்தில், மேசை நாற்காலி போட்டிருந்தார். வெளியே நீளப் பலகை வாங்கில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் தலையில் எண்ணெய் வழிந்தது. கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி இருந்தார்கள். மாட்டுக் கொட்டிலிலிருந்து வந்தவர்கள் மேல் பவுடர் வாசனை அடித்தால் உஷாராக வேண்டாமா? நான் சந்தோஷப்பட்டேன். வேலை சீக்கிரம் முடியும் என்று நினைத்தேன்.

முதல் ஆள் வந்து உட்கார்ந்தார். “சங்கத்தைப் பத்திச் சொல்லுங்க அண்ணே.”

“சங்கம் எங்களுக்குத் தாய் மாதிரி. தலைவரு எங்களுக்குத் தகப்பன் மாதிரி.”

நல்ல வாக்கியம். எழுதிக்கொண்டேன். இரண்டாவது ஆளும் அதே தாயையும் தகப்பனையும் சொன்னார். மூன்றாமவர் கொஞ்சம் பதற்றமாக இருந்தார். “சங்கம் எங்களுக்குத் தகப்பன் மாதிரி, தலைவரு எங்களுக்குத் தாய் மாதிரி” என்று சொல்லிவிட்டு, ஏதோ இடிக்கிறதே என்று ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். வெளியே வீராசாமி அண்ணன் மீசையைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். மூன்றாமவர் சட்டென்று திருத்திக்கொண்டார்.

அடுத்து வந்தவர் பெயர் குப்புசாமி. அவரும் தாய் தகப்பனைச் சொல்லி முடித்தார். நான் வேறு வழியில் போகலாம் என்று, “உங்க மாட்டுக்கு என்ன பேரு அண்ணே?” என்று கேட்டேன்.

அவருக்கு வியர்த்துவிட்டது. ஜன்னலைப் பார்த்தார். அங்கே வீராசாமி அண்ணன் ஒரு கையை அபய முத்திரையாக உயர்த்தி, இன்னொரு கையிலிருந்து காசு கொட்டுவது மாதிரி விரல்களை உதறிக் காட்டினார். டேவிட்டுக்கும் எனக்கும் லட்சுமி என்று உடனே புரிந்துவிட்டது. குப்புசாமிக்குப் புரியவில்லை.

“முருகன்” என்றார்.

“பசு மாட்டுக்கா?”

“சாமி பேருதானே மிஸ்.”

டேவிட் கேசட்டைச் சரிபார்ப்பவன் போல மேசைக்கு அடியில் குனிந்துகொண்டான். அவன் தோள் குலுங்கியதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன். கடைசியில் குப்புசாமியே பாவம், “மிஸ், எனக்கு மாடே இல்ல. நான் தலைவருக்கு மச்சான். சிம்பாங் பூலாய்ல கல்லு உடைக்கிற எடத்துல வேல. இன்னிக்கு லீவு போட்டு வரச் சொன்னாரு” என்று சொல்லிவிட்டார்.

கோபப்படலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த மனிதருக்கு வேன் வேண்டும். வேன் இல்லாவிட்டால் பால் ஈப்போ போகாது, பால் போகாவிட்டால் அத்தனை லயத்து வீடுகளும் வேறு பிழைப்புத் தேட வேண்டும். நம்மைப் பார்த்ததும் அவர்கள் ஆய்வாளர் என்று நினைப்பதில்லை, வேனின் சாவி நம்மிடம் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். சாவி வைத்திருப்பவரிடம் யார் உண்மை பேசுவார்கள்? தலைவர் ஆள் பிடித்துக் கொடுத்தது குற்றமென்றால், அந்த வாங்கிலிருந்து மட்டும் ஆள் எடுக்க நாம் சம்மதித்ததும் குற்றம்தான்.

மறுநாள் நாங்கள் கொட்டகைப் பக்கமே போகவில்லை. லயத்து வாசல்களில் நடந்தோம். “யாரிடம் பேசலாம்?” என்று கேட்டால் எல்லாரும் தலைவர் வீட்டைக் கை காட்டினார்கள். எனக்கு அலுத்துவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் நின்றிருந்த ஒருவரிடம், “சரி அண்ணே, யார்கிட்ட பேசக் கூடாது?” என்று வெறும் எரிச்சலில் கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அஞ்சலகிட்ட மட்டும் போயிராதீங்க லா. கடைசி லயம், சிவப்புக் கதவு.”

அடுத்த வீட்டில் கேட்டேன். “அஞ்சல அக்கா வீட்டுப் பக்கம் மட்டும் தல வச்சுப் படுக்காதீங்க.” அதற்கடுத்த வீட்டில் கேட்பதற்கு முன்பே, “சிவப்புக் கதவுக்குப் போகாதீங்க மிஸ்” என்றார்கள். பேசக்கூடியவரைக் காட்டச் சொன்னபோது தலைவர் வீட்டைத் தாண்டாத தோட்டம், பேசக் கூடாதவரைக் காட்டச் சொன்னதும் வழி சொல்லி, கதவின் நிறமும் சொன்னது. அன்றிலிருந்து நான் போன இடமெல்லாம் அந்தக் கேள்வியைத்தான் கேட்டேன். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

அஞ்சலை அக்கா எங்களை எதிர்பார்த்தே காத்திருந்தார் போல. நாற்காலியைத் துடைத்துப் போட்டார், கோப்பி கலக்கினார், பேச ஆரம்பித்தார். கேசட் தீர்ந்தது, அக்கா தீரவில்லை. தலைவர் பாலில் தண்ணீர் கலக்கிறார், அளவையில் ஏமாற்றுகிறார், கடைக்காரர்கள் பாலைத் திருப்பி அனுப்புகிறார்கள், எங்கள் வீட்டில் சங்கத்தை விட்டு விலகி வெளியே விற்கிறோம் என்று கொட்டித் தீர்த்தார்.

காரில் டேவிட் துள்ளினான். “கிடைச்சிருச்சு! இதுதான் உண்மை. அந்தப் பவுடர் போட்ட ஆளுங்கள எல்லாம் தூக்கிப் போடு.”

எனக்கும் அப்படித்தான் இருந்தது. புகழ்ச்சியைக் கேட்டு ஏமாந்தவர்களுக்கு வசவு தேன் மாதிரி இனிக்கும். ஆனாலும் மறுநாள் திரும்பிப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “அக்கா, தலைவர் தண்ணி கலந்தத நீங்க பாத்தீங்களா?”

“பாக்கணுமா? அந்த மனுசன் எதையும் செய்வான்! தீமிதித் திருவிழால அன்னதானம் கொடுத்தவங்க பேர மைக்குல வாசிச்சான். எங்க வீட்டுக்காரரு பேர மட்டும் விட்டுட்டான். மறந்துட்டானாம்!”

அது எந்த வருடத் திருவிழா என்று கேட்டேன். அப்போது சங்கமே பிறக்கவில்லை.

ஆக, ஒரு பக்கம் தகப்பன், ஒரு பக்கம் தண்ணீர் கலப்பவன். இரண்டு பக்கத்தாரும் தலைவரைப் பற்றித்தான் பேசினார்கள். மாட்டைப் பற்றி யாருமே பேசவில்லை. பால் திரும்பி வருவது மட்டும் நிஜம். அதை ஈப்போவில் ஒரு பலகாரக் கடைக்காரரும் சொன்னார். தண்ணீர் கலந்ததால் இல்லையாம், புளித்துப்போய் வந்ததால். ஏன் புளிக்கிறது? அதைச் சொல்லக்கூடியவர் பால் கறக்கிறவர்தானே. யார் கறக்கிறார்கள் என்று நாங்கள் யாரையும் கேட்கவே இல்லை.

விடியுமுன் போனோம். லயத்துக்குப் பின்னாலிருந்த கொட்டில்களில் விளக்கு எரிந்தது. எந்தக் கொட்டிலிலும் ஓர் ஆண் இல்லை. சங்கத்தில் உறுப்பினராகப் பெயர் கொடுத்தவர்கள் அத்தனை பேரும் கணவன்மார்கள், மடியில் கை வைத்தவர்கள் அத்தனை பேரும் மனைவிமார்கள். எங்கள் கண்ணில் முதலில் பட்ட கொட்டில் தலைவருடையது. அங்கே குந்தி உட்கார்ந்து கறந்துகொண்டிருந்தவர் அவர் மனைவி பாக்கியம் அக்கா. இவரிடம் பேசுங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை, பேசாதீர்கள் என்றும் சொல்லவில்லை. தலைவரிடம் பேசினால் அவர் மனைவியிடமும் பேசியாயிற்று என்று ஊரே நினைத்திருந்தது, நாங்களும்தான்.

“தலைவர் எங்கக்கா?”

“தூங்குறாரு. சத்தம் போடாதீங்க, மாடு மெரளும்.”

நான் பக்கத்தில் குந்தினேன். கறந்துகொண்டே பேசினார்.

“ஜெலாப்பாங்ல பேக்டரி தொறந்ததுலேருந்து எம் மக, மருமக, இந்த லயத்துப் பொண்ணுங்க பாதிப் பேரு அங்கதான். பஸ்ஸு இருட்டோட வந்துரும். அதுக்கு முன்னாடி கறந்து வச்சிட்டுப் போயிர்றாங்க. ஆனா பால அளக்குறது எப்போ? இவரு எந்திரிச்சு, குளிச்சு, கோப்பி குடிச்சு, பேப்பரு படிச்சு, சட்டைய மாட்டிக்கிட்டு வந்தப்புறம். அதுக்குள்ள வெயிலு வந்துருது. பாலு என்னா, அவருக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா? புளிச்சுருது. கடைக்காரன் திருப்பி அனுப்பிர்றான். தண்ணியும் இல்ல, கிண்ணியும் இல்ல.”

“நேரத்த மாத்தச் சொல்லலையா அக்கா?”

அவர் கையை நிறுத்தி என்னைப் பார்த்தார். “பால் சங்கத்துக்குத் தலைவரு. மாட்டுல எந்தப் பக்கம் பால் வரும்னு அவருக்குத் தெரியாது. அவருகிட்ட எதச் சொல்றது?”

டேவிட் மறுபடி குனிந்துகொண்டான்.

“இத எழுதலாமா அக்கா?”

“எழுதிக்க. எம் பேரு மட்டும் வேணாம். நல்ல மனுசன்தான். கொஞ்சம் ரோஷம் சாஸ்தி.”

பெயர் வெளியே வராது என்று வாக்குக் கொடுத்தேன். பிறகு கொட்டில் கொட்டிலாகப் போய், கறக்கும் பெண்களிடமெல்லாம் பேசினேன். அஞ்சலை அக்காவிடமும் கொட்டிலில் வைத்து மறுபடி பேசினேன். மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவரும் திருவிழாவை மறந்து, பஸ்ஸைப் பற்றித்தான் பேசினார். எல்லாரும் வெவ்வேறு வார்த்தையில் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். வாங்கில் உட்கார்ந்தவர்களோ ஒரே வார்த்தையைச் சொல்லி ஒரு விஷயத்தையும் சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தைக் காது கண்டுபிடித்துவிடும், பழக்கினால்.

அறிக்கை முடிந்ததும் உறுப்பினர்கள் முன்னால் அதைப் படித்துக் காட்ட வேண்டும் என்பது உதவி அமைப்பின் விதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைக் கொட்டகையில் கூட்டம். அமைப்பின் அதிகாரி கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தார். முழுக்கைச் சட்டை போட்ட, அதிகம் பேசாத தமிழர். ஆண்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். பெண்கள் பின்னால் நின்றார்கள். பாக்கியம் அக்கா ஓரத்தில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

டேவிட் வாசித்தான். அவனுடைய தேவாலய வாசிப்புக் குரல். “சேகரிப்பு நேரம் கறப்பவர்களின் வசதிக்கு ஏற்ப அமையவில்லை. இது குறித்து அவர்களில் ஒருவர், ‘மாட்டில் எந்தப் பக்கம் பால் வரும் என்று தலைவருக்குத் தெரியாது’ எனக் குறிப்பிட்டார்.”

முன்வரிசைத் தலைகளெல்லாம் தலைவர் பக்கம் திரும்பின.

“நிப்பாட்டு” என்று வீராசாமி அண்ணன் எழுந்தார். முகம் கறுத்துவிட்டது. “யாரு சொன்னது?”

அவர் நேரே பின்னால் பார்த்தார். “அஞ்சல. வேற யாருக்கு இந்த வாயி? இனி எப்பவும் ஒன் வீட்டுப் பாலு இந்தச் சங்கத்துக்குள்ள வரப்படாது. திரும்பி வந்து சேரலாம்னு நெனைக்காத.”

“நான் சொல்லல!” என்று அலறினார் அஞ்சலை அக்கா. “மிஸ், நீங்க சொல்லுங்க, நான் சொல்லலன்னு!”

தலைவரும் என்னிடம் திரும்பினார். “சொல்லுங்க மிஸ். பேரு வேணாம். அஞ்சல இல்லன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், நான் நம்புறேன்.”

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை, ஒரு நிரபராதி தப்பிப்பார். ஆனால் அஞ்சலை இல்லையென்றால் அடுத்து, “அப்ப காமாட்சியா?” அவரும் இல்லையென்றால் அடுத்தவர். ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் தேத்தண்ணீர்ப் பாத்திரத்திடம் போய் நிற்கும். அந்தப் பக்கம் திரும்பிவிடக் கூடாதே என்று என் கழுத்தைக் கல்லாக்கிக்கொண்டேன்.

“அண்ணே, யாருன்னும் சொல்ல மாட்டேன், யாரு இல்லன்னும் சொல்ல மாட்டேன்.”

“அப்ப அஞ்சலதான்.”

“அப்படியும் நான் சொல்லல.”

அஞ்சலை அக்கா என்னைப் பார்த்த பார்வையில் ரப்பர் பால் உறைந்திருக்கும். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டார். வேன் போயிற்று என்று நினைத்தேன். ஒரு வார்த்தை சொல்லிவிடேன் என்று டேவிட் காலால் இடித்தான். நான் சொல்லவில்லை. தைரியத்தினால் இல்லை. வேறு எது செய்தாலும் இதைவிட மோசமாகும் என்று மட்டும் தெரிந்தது.

அப்போது அஞ்சலை அக்காவின் முகம் மெல்ல மாறியது. அந்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறார் என்பது தெரிந்தது. உதடு அசைந்தது.

“நான் சொல்லல” என்றார், இந்தத் தடவை நிதானமாக. “ஆனா நான் சொல்லியிருக்கணும்.”

பின்வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். “நான்கூட சொல்லியிருப்பேன்” என்றது இன்னொரு குரல். “ஒருவேள நாந்தான் சொன்னேனோ?” என்றாள் மூன்றாவது பெண். வாங்கில் பவுடர் போட்டு உட்கார்ந்தார்களே, அவர்களில் ஒருவர், “எனக்கும் அந்தச் சந்தேகம் ரொம்ப நாளா இருக்கு” என்றார். மச்சான் குப்புசாமி மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாடு விஷயத்தில் மறுபடி வாய் கொடுக்க அவருக்குத் தெம்பில்லை.

தேத்தண்ணீர்ப் பாத்திரத்தை ணங்கென்று வைக்கும் சத்தம் கேட்டது.

“ஆளாளுக்குப் பங்கு கேக்காதீங்க” என்றார் பாக்கியம் அக்கா. “அது நான் சொன்னது.”

வீராசாமி அண்ணன் திரும்பினார். அந்த உயரமான மனிதர் கேட்ட கேள்வி இதுதான்: “எப்பச் சொன்ன?”

“நீங்க தூங்கிக்கிட்டு இருந்தப்ப.”

கொட்டகை வெடித்துச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, கண் கலங்கிவிட்டது. ஒருவருடைய பெயரை மறைப்பது நம் கடமை. வெளியே சொல்லும் உரிமை அந்தப் பெயருக்கு உரியவருடையது மட்டுமே. நாங்கள் காப்பாற்றி வைத்ததை அவரே எடுத்துக்கொண்டார், சபை நடுவில், தன் குரலில். நாங்கள் அதை முன்னாலேயே உடைத்திருந்தால் அது வெறும் கோள்மூட்டலாகப் போயிருக்கும்.

சிரிப்பு அடங்கியதும் அதிகாரி முதல் தடவையாகப் பேசினார். “தலைவரே, பஸ்ஸுக்கு முன்னாடி பால அளக்க முடியுமா?”

வீராசாமி அண்ணன் உட்கார்ந்தார். எழுந்தார். வேட்டி கட்டியிருந்தால் மடித்துக் கட்டியிருப்பார், காற்சட்டையானதால் இடுப்பு வாரை இழுத்துவிட்டுக்கொண்டார். “மண்டோரா இருந்தப்ப இருட்டுல பெரட்டுக்கு ஆளுங்கள வரிசையா நிக்க வச்சு எண்ணுனவன் நான். பால அளக்க எந்திரிக்க மாட்டேனா? அஞ்சல, ஒன் வீட்டுப் பாலையும் கொண்டா.”

“பாக்கலாம்” என்றார் அஞ்சலை அக்கா. கொண்டுவந்தார்.

வேன் வந்தது. புதுசில்லை, யாரோ ஓட்டியது. ஆனால் தள்ள வேண்டியதில்லை. சங்கம் அதன்பின் பல வருடம் ஓடியது. கடைசியில் நிலத்துக்காரர் வீடு கட்ட நிலத்தைக் கேட்டபோதுதான் மாடுகளை விற்றார்கள். பால் அதுவரை புளிக்கவில்லை.

கூட்டம் முடிந்து நாங்கள் காரில் ஏறியதும் வீராசாமி அண்ணன் விறுவிறுவென்று வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்து டேவிட் அவசரமாகச் சாவியைத் திருகினான். அண்ணன் என் பக்கத்துக் கண்ணாடியில் குனிந்து, சுற்றும் முற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

“மிஸ், அவ வேற என்னென்ன சொன்னா?”

“அத அக்காகிட்டயே கேளுங்கண்ணே.”

அவர் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பாக்கியம் அக்கா கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“கேக்கலாம்” என்றார். “கேட்டா சொல்லிருவாளே லா.”